தாய் பெற்றவள் அல்லவாம்! கடவுள் சொன்ன சாட்சி

தாயே தெய்வம் என்று மேடைதோறும் முழங்குவதில் எந்த மதக்காரனும் மற்ற மதக்காரனுக்கு இளைத்தவனல்ல. ஆனால், அந்தத் தாயை மகனே வெட்டிப்போட்ட வழக்கு ஒன்று கடவுள்கள் முன்பாக விசாரணைக்கு வந்தபோது அக்கடவுள்கள் என்ன சொன்னார்கள் என்ற சங்கதியை நம்மவர்களில் அநேகர் கேட்டிருக்க மாட்டார்கள். அது கிரேக்க தேசத்துக் கதை. கி.மு. 458ஆம் வருஷத்தில், ஏதென்ஸ் பட்டணத்தில், டயனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில் ஈஸ்கிலஸ் என்ற புலவர் அதை மூன்று தொடர் நாடகங்களாக நடத்திக் காட்டி முதல் பரிசும் பெற்றார். 'ஒரெஸ்தியா' என்று அதற்குப் பெயர். குடும்பத்துக்குள் கொலை, அதற்குப் பழி, அந்தப் பழிக்கு மறுபழி என்று இன்றைக்கு நாடகங்களிலும் சினிமாக்களிலும் வருகின்ற கதைகளுக்கெல்லாம் இதுவே பாட்டன். படித்தவர்கள் இதை, பழிக்குப்பழி ஒழிந்து கோர்ட்டும் நீதியும் பிறந்த கதை என்பதாகப் பெருமை பேசுகின்றார்கள். பிறந்தது நீதிதானா என்பதைத்தான் நாம் இங்கு கொஞ்சம் பார்க்க வேண்டியதாயிருக்கின்றது.

அந்தக் குடும்பத்தின் யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகின்றோம். ஆத்ரியஸ் என்று ஒரு ராஜா. அவன் சகோதரன் தையெஸ்திஸ். ராஜ்யத்துக்காகவும், ஆத்ரியஸின் பெண்டாட்டியைத் தையெஸ்திஸ் கெடுத்ததற்காகவும் இருவருக்கும் பகை. சமாதானம் என்று சொல்லி விருந்துக்கு அழைத்து, தையெஸ்திஸின் குழந்தைகளையே வெட்டிச் சமைத்து அவனுக்குப் பரிமாறினான் ஆத்ரியஸ். (நம் நாட்டுப் புராணத்தில் பிள்ளைக்கறி கேட்டது கடவுளே. அங்கே உடன்பிறந்தவர்களுக்குள் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.) அந்த ஆத்ரியஸின் மகன் அகமெம்னன். பிழைத்துக்கிடந்த தையெஸ்திஸின் மகன் ஒருவன், ஈஜிஸ்தஸ் என்பவன். இவனைப் பிறகு சந்திப்போம்.

அகமெம்னனின் தம்பி மனைவி ஹெலன், ட்ராய் நகரத்து ராஜகுமாரனோடு போய்விட்டாள். ஒருத்தி போனதற்காக ஒரு தேசமே சண்டைக்குப் புறப்பட்டது. ஆலிஸ் என்ற துறையில் கப்பல்களெல்லாம் கூடி நிற்க, எதிர்காற்று அடித்து, புறப்பட வழியில்லாமல் கிடந்தார்கள். கோடையில் அந்தக் கடலில் வடக்கேயிருந்து வாரக்கணக்கில் காற்று வீசுவது இன்றைக்கும் உள்ள வழக்கம். மீன் பிடிக்கிறவன் ஒருவனைக் கேட்டிருந்தால், பொறுங்கள், காற்றுத் திரும்பும் என்று சொல்லியிருப்பான். ராஜா அவனைக் கேட்கவில்லை. கல்காஸ் என்ற சோசியனைக் கேட்டான். சோசியன் சொன்னது என்னவென்றால், இரண்டு கழுகுகள் ஒரு சினைமுயலைக் கிழித்துத் தின்றனவாம். வயிற்றுக் குட்டிகளோடு அது செத்ததைக் கண்டு ஆர்ட்டெமிஸ் என்ற பெண்தெய்வத்துக்கு இரக்கமும் கோபமும் பொங்கினவாம். முயல்குட்டிக்கு இரங்கிய அந்தக் கருணாமூர்த்திக்கு ராஜாவின் மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தால்தான் காற்று அடங்குமாம்!

தகப்பன் என்ன செய்தான்? பேர்பெற்ற வீரனான அக்கிலிஸுக்கு மகளைக் கலியாணம் செய்து கொடுக்கப்போவதாக வீட்டுக்குப் பொய்ச்செய்தி அனுப்பினான். யூரிபிடிஸ் என்ற மற்றொரு புலவர் எழுதியிருக்கிறபடி, தாய் கிளைட்டம்னெஸ்திரா தானே பெண்ணை அழைத்துக்கொண்டு கலியாணத்துக்கு வந்தாள். மணவறை இருக்க வேண்டிய இடத்தில் பலிபீடம் இருந்தது. ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் பெண்ணைத் தூக்கிப் பிடித்தார்கள். சாகிறபோது அவள் வாயிலிருந்து குடும்பத்தின் மேல் சாபம் ஏதாவது வந்துவிடப் போகிறதென்று, வாயை அடைக்கும்படி தகப்பனே உத்தரவு போட்டான் என்று ஈஸ்கிலஸ் எழுதுகிறார். மகளின் கழுத்தை அறுக்கக் கூசாதவன் அவள் வார்த்தைக்குப் பயந்திருக்கிறான், பாருங்கள்!

கடைசி நிமிஷத்தில் ஆர்ட்டெமிஸ் அங்கே ஒரு மானை வைத்துவிட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகவும் ஒரு கதை உண்டு. எந்த மதத்திலும் அக்கிரமம் அளவுக்கு மிஞ்சிப் பக்தர்களுக்கே சங்கடமாகும்போது, இப்படி ஒரு மானோ ஆட்டுக்கடாவோ எங்கிருந்தாவது வந்து சேருவதுண்டு. ஈஸ்கிலஸின் நாடகத்தில் மான் வரவில்லை. தாயின் கண்ணுக்கும் வரவில்லை.

பத்து வருஷம் சண்டை நடந்தது. பத்து வருஷமும் அந்தத் தாய் அதே வீட்டில் இருந்தாள். அன்றியும், யூரிபிடிஸ் சொல்லுகிற மற்றொரு சங்கதியும் உண்டு. இந்த அகமெம்னன், கிளைட்டம்னெஸ்திராவின் முதல் புருஷனையும் அவள் கைக்குழந்தையையும் கொன்றுவிட்டு அவளைக் கலியாணம் செய்துகொண்டவனாம். அப்படியானால் ஒருத்தி வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளை ஒருவனே கொன்றிருக்கிறான். அவனுக்கே அவள் சோறு போட்டு, அவனுக்கே பத்தினியாக இருக்க வேண்டும்!

ராஜா ஜெயித்துத் திரும்பி வந்தான். வரும்போது ட்ராய் நகரத்து ராஜகுமாரி கசாண்ட்ராவை வைப்பாட்டியாக ரதத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். வாசலில் செந்நிறத் துணி விரித்து வரவேற்றாள் மனைவி. குளிக்கப் போனவன் மேல் வலைபோன்ற ஓர் அங்கியைப் போர்த்தி மூன்று வெட்டு வெட்டினாள். பிறகு ஓடி ஒளியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்பாக நின்று, நான்தான் செய்தேன் என்றாள். ஈஜிஸ்தஸ் அவளோடு சேர்ந்துகொண்டான். இவனுக்குத் தன் உடன்பிறந்தவர்களைச் சமைத்த பகை இருந்தது.

கசாண்ட்ராவையும் அவள் சேர்த்துக் கொன்றாள். இதை நாம் ஒருபோதும் ஒப்ப முடியாது. கசாண்ட்ரா ஒரு குற்றமும் செய்யாதவள். பிடித்து இழுத்து வரப்பட்ட அடிமை. அப்போலோ என்ற கடவுள் அவள் மேல் ஆசைப்பட்டு, அவள் இணங்குவதாகச் சொல்லிப் பின் மறுத்ததற்காக, அவள் சொல்லும் நிஜத்தை யாரும் நம்பாமற் போகும்படி செய்துவிட்டானாம். இந்த அப்போலோவின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஊர்ப் பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். புருஷனைக் கொன்றவளை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்றார்கள். அதற்கு அவள் கேட்ட கேள்விதான் இந்த மூன்று நாடகத்துக்கும் உயிர் என்பது நமது அபிப்பிராயம். என் பெண்ணை ஆட்டைப்போல் அறுத்தானே, அப்போது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள், அவனை ஏன் ஊரைவிட்டுத் துரத்தவில்லை என்ற கருத்துப்பட அவள் கேட்டாள். பெரியவர்கள் ஏசினார்களே தவிர, கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அந்த வழக்கு எந்த ஊர்ச்சபைக்கும் வரவில்லை. தகப்பன் மகளைக் கொன்றால் அது பலி; மனைவி புருஷனைக் கொன்றால் அது கொலை!

நிற்க. இவர்களுடைய மகன் ஒரெஸ்தீஸ் சிறு வயதிலேயே வெளியூருக்கு அனுப்பப்பட்டவன். வாலிபனானதும் டெல்பி என்ற க்ஷேத்திரத்தில் அப்போலோவிடம் வாக்குக் கேட்டான். தாயைக் கொல் என்பது உத்தரவு. கொல்லாவிட்டால் தோலை அரிக்கும் குஷ்டம்போன்ற வியாதி வரும் என்ற மிரட்டலும் உண்டு. வேஷம் மாறி வந்தான். ஒரெஸ்தீஸ் செத்துப்போனான் என்று தானே பொய்ச்செய்தி கொண்டுவந்து வீட்டுக்குள் நுழைந்தான். அந்தச் செய்தி கேட்டு, அவனைக் குழந்தையில் வளர்த்த தாதி ஒருத்தி, ராத்திரியெல்லாம் விழித்துப் பால் கொடுத்ததையும் துணி அலசியதையும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். மூன்று நாடகத்திலும் வஞ்சகமில்லாமல் அழுகிறவள் இந்தக் கூலிக்காரி ஒருத்திதான்.

ஈஜிஸ்தஸை வெட்டிவிட்டுத் தாயிடம் வந்தான். தாய் தன் மார்பைக் காட்டி, இதில் பால் குடித்தவனாயிற்றே என்றாள். ஒரெஸ்தீஸ் கை தளர்ந்து, பக்கத்தில் நின்ற சிநேகிதன் பைலாடிஸைப் பார்த்து, என்ன செய்வேன் என்றான். நாடகம் முழுதும் ஊமைபோல் நின்ற அந்தப் பைலாடிஸ் அந்த ஒரு சமயத்தில் மட்டும் வாயைத் திறந்து, அப்போலோவின் உத்தரவை மறந்தாயா என்றான். உடனே வெட்டு விழுந்தது. மனிதனுடைய சுபாவம் மார்பைக் கண்டு நின்றது. கடவுள் பெயர் கேட்ட பிறகே கத்தி இறங்கியது. சுபாவத்தில் கெட்டவனாக இல்லாத ஒரு வாலிபனைக் கொலைகாரனாக்க இன்னும் என்ன வேண்டும்?

பிறகு எரினிகள் என்ற பழிதீர்க்கும் கிழத் தேவதைகள் அவனைத் துரத்த, அவன் ஏதென்ஸுக்கு ஓடி வந்தான். அதீனா என்ற பெண்தெய்வம் அரியோபகஸ் என்ற குன்றின் மேல் கோர்ட்டு வைத்து, ஊர் ஆண்களில் ஜூரர்களைப் பொறுக்கி எடுத்தாள். இந்தக் கோர்ட்டின் அமைப்பைக் கவனியுங்கள். கொலைக்கு உத்தரவு போட்ட அப்போலோவே குற்றவாளிக்கு வக்கீல். அவனே சாட்சியும்கூட. தலைமை நீதிபதியான அதீனா அந்தச் சாட்சிக்குச் சகோதரி. இருவரும் ஸியூஸ் என்ற பெரிய கடவுளின் பிள்ளைகள். நம் ஊர் முன்சீப்பு கோர்ட்டில் ஒருவன் இப்படி நடத்தினால் மறுநாளே அப்பீல் போகும்.

எரினிகள், தாயைக் கொன்றாயா என்று கேட்டார்கள். கொன்றேன் என்றான். அவள் புருஷனைக் கொன்றபோது அவளை நீங்கள் ஏன் துரத்தவில்லை என்று திருப்பிக் கேட்டான். புருஷன் அவளுக்கு இரத்த சம்பந்தமில்லாதவன் என்றார்கள். அப்படியானால் நான் மட்டும் என் தாய்க்கு இரத்த சம்பந்தமா என்று கேட்டான்! அவள் வயிற்றில் கிடந்து அவள் இரத்தத்தில் வளர்ந்தவன் கேட்ட கேள்வி இது. அவன் பதில் சொல்லத் தெரியாமல் அப்போலோவைப் பார்த்தான்.

அப்போலோ முதலில், ஸியூஸ் தகப்பன் பக்கம் என்றான். அந்த ஸியூஸே தன் தகப்பன் குரோனஸைக் கட்டிப்போட்டவனாயிற்றே என்று எரினிகள் மடக்கினார்கள். பதில் வராதபோது பெரிய மனிதர்கள் செய்கிறதைக் கடவுளும் செய்தான். அவர்களை மிருகங்களே என்று வைதான். பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற சாட்சியம் வந்தது. அதாவது, தாய் என்று சொல்லப்படுகிறவள் பிள்ளையைப் பெற்றவள் அல்லளாம், விதைக்கப்பட்ட விதையைப் பாதுகாத்து வைத்திருக்கும் தாதி மட்டுமேயாம், விதைப்பவனே பெற்றவனாம். அத்தாட்சி என்னவென்றால், தாயில்லாமலே தகப்பன் தலையிலிருந்து பிறந்த அதீனா இதோ உட்கார்ந்திருக்கிறாளாம். அதீனாவும், என்னைப் பெற்ற தாய் எவளும் இல்லை, நான் எல்லாவற்றிலும் ஆண் பக்கமே, கலியாணம் ஒன்றைத் தவிர, என்று சொல்லித் தன் வோட்டைக் குற்றவாளிக்குப் போட்டாள். வோட்டுகள் இருபக்கமும் சமமாயின. சமமானால் விடுதலை என்று அவளே முன்கூட்டிச் சொல்லியிருந்தபடியால் தாயைக் கொன்றவன் விடுதலையானான்.

தோழர்களே! இந்தச் சாட்சி பொய்ச்சாட்சி என்பதற்கு நாம் வேறு தேசத்துப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. அவர்களுடைய சொந்தப் புராணத்தைப் பார்த்தாலே போதும். ஈஸ்கிலஸுக்கு வெகு முந்தியவரான ஹெசியோட் எழுதியிருப்பது, ஸியூஸ் மெட்டிஸ் என்பவளைக் கர்ப்பமாக்கி, பிறகு பயந்துபோய் அவளை அப்படியே விழுங்கிவிட்டான் என்பதாகும். அந்தக் கர்ப்பந்தான் அதீனா. ஆகவே அதீனாவுக்குத் தாய் இருந்தாள். தகப்பன் அவளை விழுங்கிவிட்டான். விழுங்கப்பட்ட தாயின் மகள் உட்கார்ந்து, தாய் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். பெண்களை இவ்விதம் தயார் செய்துகொண்ட பிறகு ஆண்களுக்கு வேறு ஜூரர் எதற்கு?

இன்னும் பாருங்கள். அதே ஏதென்ஸில், ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்த ஆணும் பெண்ணும் கலியாணம் செய்துகொள்ளலாம். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் கூடாது என்பது வழக்கு. தாய் வெறும் தாதியானால் இந்தத் தடை எதற்கு? இந்த நாடகம் நடந்து ஏழே வருஷங்களில், கி.மு. 451இல், பெரிக்கிளீஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தகப்பனும் தாயும் இருவருமே ஏதென்ஸ்காரராக இருந்தாலொழியப் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது என்பது அது. அந்நியப் பெண்ணின் பிள்ளையை வெளியே தள்ள வேண்டிய சமயத்தில் தாய் பெற்றவளாகிவிட்டாள்! வெட்டுப்பட்ட தாய்க்கு நியாயம் கேட்டபோதுதான் அவள் தாதியாயிருந்தாள்.

அந்தக் காலத்தில் விஷயம் தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்று சில பண்டிதர்கள் வருவார்கள். கிரேக்க வைத்தியரான ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, ஆண் பெண் இருவருக்கும் வித்து உண்டு என்று எழுதியிருக்கிறது. மனிதர்கள் யோசித்துக் கண்டார்கள். முக்காலமும் அறிந்த கடவுளுக்குத்தான் தெரியவில்லை. பிறகு 1827இல் ஃபான் பேயர் என்ற சாஸ்திரி, நாயின் சினைப்பையில் முட்டை இருப்பதைக் கண்ணால் கண்டு எழுதினார். 1876இல் ஹெர்ட்விக் என்பவர், கடலில் வாழும் முள்ளுருண்டை போன்ற ஒரு பிராணியில், ஆணின் அணுவும் பெண்ணின் முட்டையும் ஒன்றாகக் கலப்பதைக் கண்டார். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 குரோமோசோம்கள் என்று சொல்லும். அதற்கு மேலும், உடம்பின் அணுக்களுக்குச் சக்தி உண்டாக்கிக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற பாகம் தாய்வழியாக மாத்திரமே வருகின்றது. கணக்குப் பார்த்தால் ஒரெஸ்தீஸின் உடம்பில் தகப்பன் கொடுத்ததைவிடத் தாய் கொடுத்ததே சற்று அதிகம்.

எரினிகள் என்னவானார்கள் என்று கேட்பீர்கள். கோபித்து நாட்டை அழிப்போம் என்றவர்களை அதீனா நயந்து பேசி, குன்றின் அடியில் ஒரு கோயிலும், பிள்ளைப்பேறுக்கும் கலியாணத்துக்கும் முன்னால் ஜனங்கள் செலுத்தும் காணிக்கையும் தருவதாகச் சொல்லி அடக்கிவிட்டாள். தாய்க்காக வாதாடினவர்களுக்குப் பிள்ளைப்பேற்றுக் காணிக்கையே லஞ்சம்!

புலவர் ஈஸ்கிலஸை நாம் குறை சொல்ல வரவில்லை. தாயின் கேள்வியை மறைக்காமல் எழுதினவரும் அவரே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைதட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் கேட்கின்றோம்.

இதைப் படித்துவிட்டு, கிரேக்கர்கள் மோசம் என்று நம்மவர்கள் மீசையை முறுக்க வேண்டாம். மனுதர்மத்தின் 9ஆம் அத்தியாயத்தில், ஸ்திரீ நிலம், புருஷன் விதை, இரண்டில் விதையே மேல் என்று எழுதியிருக்கின்றது. அப்போலோவின் வார்த்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு வித்தியாசம் உண்டு. அதே அத்தியாயத்தில், வேறொருவன் விதைத்தாலும் விளைச்சல் நிலத்தின் சொந்தக்காரனுக்கே சேரும் என்றும் சொல்லப்படுகின்றது. விதைத்தவனுக்கு ஒரு சமயம், நிலத்துக்குடையவனுக்கு ஒரு சமயம். நிலத்துக்கு எந்தச் சமயத்திலும் இல்லை.

பாரதத்தின் வனபர்வத்தில் ஜமதக்கினி என்ற ரிஷி, மனைவி ரேணுகையின் மனம் ஒரு கணம் சலித்ததற்காக, அவளைக் கொல்லும்படி பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டான். மூத்தவர்கள் நால்வரும் செய்யவில்லை. அவர்களுக்குச் சாபம் கிடைத்தது. ஐந்தாமவன் பரசுராமன் கோடரியால் தாய் தலையை வெட்டினான். அவனுக்கு வரம் கிடைத்தது, அவதாரம் என்ற பட்டமும் கிடைத்தது. கிரேக்கத்தில் பெயருக்காவது ஒரு கோர்ட்டு கூடிற்று, பாதிப்பேராவது குற்றவாளி என்றார்கள். இங்கே விசாரணையே இல்லை. வரத்தினால் தாய் பிழைத்தாளே என்பார்கள். அது ஆலிஸ் துறையின் மான்.

புராணம் பழைய சங்கதி, இப்போது சட்டம் வந்துவிட்டது என்று சொல்லுகிறவர்கள், 1956ஆம் வருஷத்து இந்து மைனர்கள் மற்றும் கார்டியன்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கட்டும். மைனர் பிள்ளைக்கு இயற்கையான கார்டியன் தகப்பன், அவனுக்குப் பிறகு தாய் என்று அதில் எழுதினார்கள். ஒரு தாய் தன் பிள்ளை பேரில் பத்திரம் வாங்க மனுப்போட்டதில், ரிசர்வ் பாங்கி தகப்பன் கையெழுத்தைக் கேட்க, அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 1999இல் அந்தக் கோர்ட்டு, 'பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகு என்று அர்த்தமல்ல, அவன் இல்லாதபோது, பிள்ளையைக் கவனியாதபோது என்றும் அர்த்தம் என்று வியாக்கியானம் செய்தது. சட்டத்தின் வார்த்தையைத் தள்ளுபடி செய்யவில்லை. பத்து மாதம் சுமந்தவள் ஒரு கையெழுத்துக்காக 'பிறகு' என்ற வார்த்தையோடு கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது.

அதே 6ஆம் பிரிவில் அடுத்த வரியும் இருக்கின்றது. முறைப்படி கலியாணமாகாமல் பிறந்த பிள்ளைக்கு இயற்கையான கார்டியன் யார் என்பது அதில் வருகின்றது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் முதலில் தாய், அவளுக்குப் பிறகே தகப்பன்.